பூஜ்யம் வந்த கேன்கள்

உங்கள் பால் பண்ணையில் கேன் கழுவுகிற பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன். எழுத்து மெதுவாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் உங்கள் இடத்தைச் சுற்றிக் காட்டினீர்கள். ஒரு பெண் கழுவிய கேனில் காகிதப் பட்டையை நனைத்தாள். நிறம் மாறவில்லை. மருந்து மிச்சமில்லை என்றாள். அவ்வளவுதான், அடுத்த கேனுக்குப் போய்விட்டாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. இந்தப் பட்டை அன்றைக்கு எங்களிடம் இருந்திருந்தால் நான் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டேன் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். வீடு வருவதற்குள் அது பொய் என்று தெரிந்துவிட்டது. பட்டை இருந்திருந்தால் பட்டையையும் ஏமாற்றியிருப்பேன்.

அந்தத் தப்பைத்தான் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த பால் நிலையம் இப்போது இல்லை. தனியாருடையது. திருவண்ணாமலைக்கு வெளியே, கீழ்பென்னாத்தூர் போகிற வழியில் இருந்தது. எழுபதுகளின் கடைசி. கிராமங்களிலிருந்து வருகிற பாலைக் காய்ச்சி, குளிரவைத்து, அலுமினியக் கேன்களில் ஊற்றி ஊருக்குள் அனுப்புவார்கள். டீக்கடை, ஓட்டல், சத்திரம், ஆஸ்பத்திரி. காலியான கேன் எங்களிடம் திரும்பி வரும். காலை முறை கழுவுவது நான். சாயங்கால முறை ஏகாம்பரம். இரண்டு பேருமே தினக்கூலி.

கழுவுகிற விதம் உங்களுக்குத் தெரியும். பச்சைத் தண்ணீர். சோடா உப்பு போட்ட வெந்நீர், பிரஷ். மறுபடி தண்ணீர். பிறகு மருந்துத் தண்ணீர். கடைசியாக நல்ல தண்ணீர். கவிழ்த்து வைப்பது. எங்களுக்கு மருந்து என்றால் ப்ளீச்சிங் பவுடர். அது கேனை அரித்தது. வெயிலில் சீக்கிரம் செத்தும் போகும். மூட்டை பிரித்த வாரம் மூக்கைத் துளைக்கும். அடுத்த மாதம் சுண்ணாம்பு மாதிரி கிடக்கும்.

அப்போது ஒரு கம்பெனி ஆள் புது மருந்து கொண்டுவந்தான். தண்ணீர் மாதிரி இருந்தது. வாசனை இல்லை. கையில் எடுத்தால் சோப்பு மாதிரி வழுக்கும்.

"அரிக்காது சார், நாறாது சார். அம்மாவும் சோதிச்சிப் பாக்கட்டும். கேன்ல ஒரு கிருமி நின்னா என்னைக் கேளுங்க" என்றான்.

அவன் அம்மா என்றது எங்கள் சோதனை அறை அம்மாவை. டெஸ்ட் அம்மா என்போம். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். அதிகம் பேச மாட்டார். புது மருந்து கிருமியைக் கொல்கிறதா, பாலுக்கும் ஆளுக்கும் கெடுதல் இல்லையா என்று பார்த்துச் சொல்லவேண்டியது அவர் பொறுப்பு. கழுவிய கேனில் காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு பாட்டில் ஊற்றி, மூடி போட்டு, உருட்டி, அதே பாட்டிலில் திரும்பப் பிடிப்பார். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைப்பார். இரண்டு நாளில் புள்ளி புள்ளியாக வளரும். எண்ணிக் கரும்பலகையில் எழுதுவார். காலை முறைக்கு ஒரு கட்டம். சாயங்கால முறைக்கு ஒரு கட்டம்.

இது வரைக்கும் சரி. மேனேஜர் வந்து பலகையைப் பார்த்தார். பார்த்தவர் சும்மா போகவில்லை.

"கழுவற பிரிவுக்கு ஒருத்தரைத்தான் நிரந்தரம் பண்ணப் போறோம். கார்த்திகை தீபம் முடியட்டும். யார் கேன்ல புள்ளி கம்மியோ அவன் இருப்பான். இன்னொருத்தன் வேற வேலை பாத்துக்க வேண்டியதுதான்."

மருந்தைச் சோதிப்பது ஒரு வேலை. ஆளைச் சோதிப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே பலகையில் எழுதிவிட்டார். நீங்கள் பெரிய பதவிக்குப் போகும் காலத்தில் இதைச் செய்யாதீர்கள். அன்றைக்கே அந்தச் சோதனை செத்துப்போனது. யாருக்கும் தெரியவில்லை.

ஏகாம்பரம் எனக்கு மூன்று வருஷம் கழித்து வந்தவன். மலை சுற்றுகிற வழியில் இருக்கிற அடி அண்ணாமலை அவன் ஊர். அவன் கேனில் புள்ளி கம்மி. என் கேனில் ஜாஸ்தி. தினமும்.

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். டெஸ்ட் அம்மா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். என்னைக் கூப்பிட வேண்டியிருந்தால் "காலை முறைக்காரரே" என்பார். ஒரு நாள் அவனைச் சோதனை அறைக்குள் கூட்டிப்போய்த் தட்டைக் காட்டினார். அவன் வெளியே வந்து, "ணா, உள்ள பூ பூத்த மாதிரி இருக்குதுணா" என்று கையை விரித்துக் காட்டினான். நான் அந்த அறை வாசலைத் தாண்டினதில்லை. 

அவன் என்ன செய்கிறான் என்று பார்க்க ஒரு நாள் சாயங்காலம் சைக்கிள் பஞ்சர் என்று சொல்லி அங்கேயே நின்றேன். பெரிதாக ஒன்றுமில்லை. மூடியில் இருக்கிற ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகக் கழுவினான். வளையத்துக்கு அடியில் பால் பிசுக்கு கறுப்பாக இருந்தது. அதுதான் வித்தியாசம். நானும் கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. அவனைப் பார்த்துச் செய்ததாக ஆகிவிடும்.

இதைப் படித்துவிட்டுச் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்களோடு வேலை செய்கிறவர் ஒன்றைச் சரியாகச் செய்கிறார், அதைத் தெரிந்தும் நீங்கள் செய்யவில்லை என்றால், அந்த இடத்தில் நின்று ஏன் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் காலை கரண்ட் போனது. மோட்டார் நின்றது. தொட்டியில் கடைசித் தண்ணீர் இல்லை. கிணறு பக்கத்திலேயே இருந்தது. இறைத்து ஊற்றியிருக்கலாம். வண்டிக்காரன் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தான். மருந்துத் தண்ணீரோடு அப்படியே கவிழ்த்து அனுப்பிவிட்டேன். டெஸ்ட் அம்மா வழக்கம் போல ஒரு கேனைச் சோதனைக்கு எடுத்தார்.

இரண்டு நாள் கழித்துப் பலகையில் என் கட்டத்தில் பூஜ்யம்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கடைசித் தண்ணீர் ஊற்றாவிட்டால் பூஜ்யம். ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம் என்று இருந்தேன்.

அடுத்த நாள் கரண்ட் இருந்தது. தொட்டியில் தண்ணீர் இருந்தது. நான் ஊற்றவில்லை.

அதற்கடுத்த நாளும் ஊற்றவில்லை. மருந்தைக் கொஞ்சம் கெட்டியாகவும் கலந்தேன். நன்றாக வடிய விடவுமில்லை. கேன் அடியில் ஒரு கை மருந்து நிற்கும். விரலைத் தேய்த்தால் வழுக்கும். எனக்குத் தெரியும். வாசனைதான் இல்லையே, என்ன ஆகிவிடும் என்று சொல்லிக்கொண்டேன். கெடுதல் இல்லை என்று அந்தக் கம்பெனி ஆள்கூடச் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

தினமும் பூஜ்யம். மேனேஜர் என் தோளைத் தட்டினார். டெஸ்ட் அம்மா மட்டும் பலகையின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார்.  அவர் ஏகாம்பரத்தை நினைத்து வருத்தப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதற்கும் எரிந்தது.

முறை மாறும் நேரத்தில் குழாயடியில் ஏகாம்பரம் பிடித்துக்கொண்டான்.

"ணா, இன்னாணா பண்ற நீ?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாமலா போர்டுல கோழி தெனம் முட்டை போடுது?"

"கை வாகு."

"அந்தக் கையை எனக்கு ஒரு நாளைக்குக் குடுணா. கழுவிட்டுத் திருப்பித் தந்துடறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கண்ணில் சிரிப்பு இல்லை. அவன் அண்ணன் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தான். வேலை போனால் இவனும் அங்கேதான் போகவேண்டும். வீட்டில் அம்மா படுத்த படுக்கை. விட்டுவிட்டுப் போக முடியாது. இதெல்லாம் எனக்குத் தெரியும்.

அவன் என் பூஜ்யத்தைத் துரத்த ஆரம்பித்தான். மருந்தை ஜாஸ்தி போட்டான். இரண்டு தடவை தேய்த்தான். வெறுங்கை. நாலே நாளில் விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. நகத்தைச் சுற்றித் தோல் வெள்ளையாக உரிந்து நின்றது. அவ்வளவு செய்தும் கடைசித் தண்ணீரை மட்டும் அவன் விடவில்லை. அதனால் அவனுக்குப் புள்ளி வந்துகொண்டே இருந்தது.

அந்தக் கையைப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் போடு என்றேன். அதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை.

தீபத்துக்கு முந்தின நாள் காலை. திருவிழாக் கூட்டத்துக்காக இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் வரச் சொல்லியிருந்தார்கள். சத்திரத்துச் சமையல்காரர் ஒரு தூக்குவாளியோடு சைக்கிளில் வந்து இறங்கினார். அன்னதானத்துக்குத் தயிர்சாதம் அவர் பொறுப்பு. மேனேஜருடைய மேஜை மேல் வாளியை வைத்தார்.

"இன்னா சார் இது?"

"பாலு."

"நீங்க பாலுன்றீங்க. நான் தயிருன்னு நெனச்சிகினு நேத்து சாயங்காலம் உறை ஊத்துனேன். அஞ்சு அண்டா. ரெண்டு அண்டா உறைஞ்சுது. மூணு அண்டா அப்படியே கீது. இன்னொரு வாட்டி உறை ஊத்திப் பாத்தேன். கம்பளி போத்திப் பாத்தேன். தாலாட்டு ஒண்ணுதான் பாடல."

"எந்தக் கேன் பாலு? நம்பர் பாத்தியா?"

"நம்பர் பாத்துகினா சார் பால் ஊத்துவாங்க? நான் சமையல்காரன், பஸ் கண்டக்டர் இல்ல. நாளைக்கு ஜனம் வந்து எல முன்னாடி உக்காரும். அதுக்கு இன்னா பதிலு?"

 டெஸ்ட் அம்மா இல்லை. வேலூரில் அக்கா வீட்டுக்குப் போனவர் அன்று பஸ்ஸில் திரும்பவேண்டும். மேனேஜர் எழுந்து பலகைக்குப் போனார். காலை முறை, பூஜ்யம். சாயங்கால முறை, புள்ளிகள். அவருக்கு அது போதும்.

"கேன்ல அழுக்கு. அதான் பால் கெட்டிருக்குது. யாருதுன்னு போர்டே சொல்லுது. ஏகாம்பரம், நீ கெளம்பு."

ஏகாம்பரம் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"ணா, நீ சொல்லுணா. நான் கழுவறதுல குத்தம் கீதா?"

எனக்கு அந்த நிமிஷமே விஷயம் விளங்கியிருந்தது. அழுக்குப் பாத்திரத்தில் பால் திரியும், புளிக்கும். உறையாமல் நிற்காது. சோப்புப் போட்டுச் சரியாக அலசாத பாத்திரத்தில்தான் தயிர் உறையாது. இது எந்த வீட்டிலும் தெரிந்த விஷயம். உறை மோரில் இருக்கிறதும் ஒரு உயிர்தானே. அதை என் மருந்து கொன்றுவிட்டது.

"எனக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

அவன் கொடியில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு போனான். மேனேஜர் என்னிடம் வந்தார்.

"இனிமே எல்லாக் கேனும் நீதான். உன் மாதிரியே கழுவு. சாயங்காலப் பால் இதுலதான் ஊத்தணும்."

சந்தோஷமாக இருந்தது. மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் நன்றாகவே சந்தோஷமாக இருந்தது. பிறகு கேன்களுக்கு முன்னால் போய் நின்றேன். என் மாதிரியே கழுவினால் நாளைக்கு ஊரில் ஒரு அண்டாவும் உறையாது. அப்போது ஒரு யோசனை வந்தது. பேசாமல் கடைசித் தண்ணீரை ஊற்றிவிடுவோம். பால் உறையும். ஊர் சாப்பிடும். வேலை எனக்கு. யாருக்கும் ஒன்றும் தெரியாது.

இந்த யோசனை உங்களுக்கும் ஒரு நாள் வரும். தப்பை நிறுத்திவிட்டால் தப்பு இல்லாமல் போய்விடும் என்று தோன்றும். நல்ல யோசனை மாதிரியே இருக்கும். எனக்கும் இருந்தது. வாளியைக்கூட எடுத்துவிட்டேன்.

பதினொரு மணி இருக்கும், டெஸ்ட் அம்மா கையில் பையோடு நேராகக் கழுவுகிற இடத்துக்கு வந்தார். வாசலில் சமையல்காரர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

"உறையலையா? திரியலையே? உறையல?"

"ஆமாங்கம்மா."

கேன் ஒன்றில் விரலை விட்டார். வெளியே எடுத்துக் கட்டை விரலோடு தேய்த்துப் பார்த்தார். முந்தின நாள் நான் கவிழ்த்த கேன்.

"உள்ள வாங்க" என்றார்.

அன்றைக்குத்தான் சோதனை அறைக்குள் போனேன். அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். புள்ளிகள் இருந்தன.

"இது கேன் இல்ல. நம்ம கெணத்துத் தண்ணி. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி வெச்சிட்டுப் போனேன். கடைசியா ஊத்தற தண்ணியிலயே இத்தனை புள்ளி இருக்குது. உங்க கேன்ல எப்படிங்க பூஜ்யம் வரும்?"

தட்டை அலமாரியில் திரும்ப வைத்தார்.

"கேன்ல கிருமி இல்லாம இல்ல. மிச்ச மருந்து என் பாட்டிலுக்குள்ள வந்து, அங்க உக்காந்து கொன்னிருக்குது. மருந்து வேலை செய்யாம நிறுத்தறதுக்குப் பாட்டில்ல முறிவு போடணும்னு புஸ்தகத்துல இருக்குது. கடைசித் தண்ணி ஊத்தறீங்கன்னு நெனச்சி நான் போடல. தண்ணியையும் மொதல்லயே பாத்திருக்கணும். பாக்கல."

அதோடு நிறுத்திக்கொண்டார். நீ ஊற்றவில்லையா என்று கேட்கவே இல்லை. பையை மேஜையில் வைத்துவிட்டு மேனேஜர் அறைக்குப் போனார். பின்னாலேயே போனேன்.

"சார், போர்டுல எழுதின கணக்கு தப்பு. சோதனை செஞ்சது நான், என் தப்பு. ஏகாம்பரத்தை அனுப்பாதீங்க. அவர் கேன்தான் சரி."

"அப்ப கேன்ல மருந்து எப்படிம்மா நின்னுது? யாரு விட்டது?"

அம்மா மேஜையையே பார்த்தார். என் பக்கம் திரும்பவும் இல்லை.

உண்மையைச் சொல்கிறேன். அந்த இடத்திலும் எனக்கு வந்தது பொறாமைதான். என் தப்பு என்று அவர் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். படித்தவர், மேனேஜர் முன்னால் நின்று, குரல் நடுங்காமல். எனக்கு அது வரவில்லை. ஏகாம்பரத்தின் கை வாகைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது இது. என் தப்பு என்று சொல்வதையும் அவருக்கே விட்டுவிட்டால் எனக்கு என்று ஒன்றும் இருக்காது என்று தோன்றியது.

"நான்தான் சார். கடைசித் தண்ணி ஊத்தல. பத்து நாளா ஊத்தல. வேணும்னுதான் ஊத்தல."

மேனேஜர் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். டெஸ்ட் அம்மா நடுவில் வந்தார்.

"அதெல்லாம் அப்புறம் சார். மூணு மணிக்குப் பால் வந்துடும். எல்லாக் கேனையும் வெந்நீர் விட்டு மறுபடி கழுவணும். தொட்டித் தண்ணியில இருக்கற கிருமிக்கு நான் ப்ளீச்சிங் பவுடர் கொஞ்சமா அளந்து தரேன். ஒரு ஆளால ஆகாது."

"ஆள எங்கம்மா போய்த் தேடறது? இருந்தவனை அனுப்பிட்டேனே." மேனேஜர் என்னைப் பார்த்தார். "போ. நீயே போய்க் கூட்டிகினு வா. அவன் வரலேன்னா நீயும் வராதே."

அடி அண்ணாமலை வரை சைக்கிளை ஓட்ட முடியவில்லை. மலை சுற்றுகிற கூட்டம் எதிரே வந்துகொண்டே இருந்தது. பாதி வழி தள்ளிக்கொண்டு போனேன்.

ஏகாம்பரத்தின் சம்சாரம் வாசலில் கோணிப்பையில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுத்தாள்.

"இந்தா, வந்துட்டாரு உங்க முட்டைக்காரரு. இன்னா மிச்சம் கீதுன்னு எடுத்துகினு போக வந்திருப்பாரு."

அவன் வெளியே வந்தான். கையில் எண்ணெய் தடவியிருந்தான். நான் சுற்றி வளைக்கவில்லை.

"கடைசித் தண்ணி ஊத்தல நானு. அதனாலதான் பூஜ்யம். பால் உறையாததும் அதனாலதான். சார் கிட்ட சொல்லிட்டேன்."

அவன் திட்டுவான் என்று நினைத்தேன். கோணிப்பையைத் தள்ளிவிட்டு என் எதிரே உட்கார்ந்தான்.

"அப்ப என் கேன்ல வந்த புள்ளி?"

"அது நெஜம்."

"நான் அவ்ளோ தேச்சும் வந்துதே?"

"வரும். தண்ணியிலயே கீதாம். யாரு கழுவினாலும் அவ்ளோ வரும்."

"யாரு கழுவினாலுமா?"

"ஆமா."

தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "நான் என் கைதான் கெட்டுப்போச்சின்னு நெனச்சேன்ணா" என்றான். அதற்குப் பிறகு திட்டினான். நன்றாகவே திட்டினான். எழுத முடியாது. சம்சாரமும் சேர்ந்துகொண்டாள். முடித்துவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டான்.

அந்தக் கையைச் சோடா உப்பில் விட முடியாது. நான் கழுவினேன். ரப்பர் வளையத்தைக் கழற்றினேன். கடைசித் தண்ணீர் மட்டும் அவன் ஊற்றினான். ஊற்றி அலசிக் கொட்டியதும், கையை உள்ளே விட்டு அடியைத் தடவுவான். மருந்து இருந்தால் வெடிப்பில் எரியும்.

"எரியுது" என்பான். மறுபடி அலசுவான். "இன்னும் எரியுது." மறுபடி. "எரியல." கவிழ்ப்பான்.

ஒரு கேன் விடாமல் அப்படித்தான் பார்த்தான். வேண்டாம் ஏகாம்பரம், இரண்டு தண்ணீர் சேர்த்து ஊற்றினால் போதும் என்றேன். கேட்கவில்லை. டெஸ்ட் அம்மா வந்து அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். "என் கிட்ட வழி இருக்குது, இதைச் செய்யாதீங்க" என்றார். ஒவ்வொரு கேனிலும் நல்ல பால் ஒரு டம்ளர் ஊற்றி உருட்டி, எடுத்து உறை மோர் விட்டு வைத்துப் பார்க்கலாம் என்றார்.

"அது உறையறதுக்குள்ள பால் வந்துடுங்கம்மா. இன்னிக்கி இதான். நாளைலேந்து உங்க டம்ளரு" என்றான்.

உங்களில் யாரும் வெறுங்கையை மருந்தில் விடவே கூடாது. ஏகாம்பரம் செய்தது சரி என்று நான் எழுதவில்லை. அவனை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது நான் என்று எழுதுகிறேன்.

அன்று இரவு சத்திரத்தில் ஐந்து அண்டாவும் உறைந்தது. அதற்கு முந்தின பத்து நாள் ஊர் என் மருந்தைக் குடித்தது. டீக்கடையில் குடித்தது, ஆஸ்பத்திரியில் குடித்தது. யாருக்கு என்ன ஆனது? என்னிடம் கேட்டால் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல மாட்டேன். தெரியாது என்றுதான் சொல்வேன். ஒரு மருந்தைப் பற்றி உங்களிடம் யாராவது கேட்டாலும் தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள்.

தீபம் முடிந்த மூன்றாம் நாள் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நிரந்தர வேலை ஏகாம்பரத்துக்கு. பிறகு என்னைக் காட்டி அவனிடமே கேட்டார்.

"இவனை இன்னா பண்றது? நீ சொல்லு. இருக்கட்டும்னா இருக்கட்டும். வேணாம்னா இப்பவே அனுப்பிடறேன்."

"இருக்கட்டும் சார். வேலை தெரிஞ்ச ஆளு. தினக்கூலியாவே இருக்கட்டும். ஆனா கடைசித் தண்ணி அவரு ஊத்தக் கூடாது. நான்தான் ஊத்துவேன்."

அப்படியே நடந்தது. இரண்டு முறைக்கும் அவன் வந்து நின்றான். என் முறையில் நான் தேய்த்து அவன் பக்கம் தள்ளுவேன். அவன் கடைசித் தண்ணீர் ஊற்றுவான். என்னோடு பேசுவான், சிரிப்பான், டீ வாங்கித் தருவான். வாளியை மட்டும் தர மாட்டான். எட்டு வருஷம்.

புது மருந்து இருந்தது. மருந்தில் குற்றமில்லை. அளவோடு கலந்து, கடைசித் தண்ணீர் ஊற்றினால் நல்ல மருந்துதான். டெஸ்ட் அம்மா பாட்டிலில் முறிவு போட ஆரம்பித்தார். முறைக்கு ஒன்றாகத் தினமும் இரண்டு டம்ளரில் உறை மோர் விட்டுப் பார்த்தார். அவன் கை ஆறிவிட்டது. எனக்குள் இருந்தது அவ்வளவு சீக்கிரம் ஆறவில்லை. அவன் டம்ளரில் தயிர் கெட்டியாக இருக்கிறதா, என் டம்ளரில் கெட்டியாக இருக்கிறதா என்று தினமும் போய்ப் பார்ப்பேன். இரண்டிலும் ஊற்றியது அவன் தண்ணீர். அப்படியும் பார்ப்பேன்.

எட்டாவது வருஷம் ஏகாம்பரத்துக்குக் காய்ச்சல். அந்த எட்டு வருஷத்தில் அவன் வராமல் இருந்தது அந்த இரண்டு நாள்தான். மேனேஜர் ஊரில் இல்லை. டெஸ்ட் அம்மா சோதனை அறையில் இருந்தார், வெளியே வரவில்லை. கேன்கள் இருந்தன. நான் இருந்தேன். தேய்த்து முடித்து, பழக்கத்தில் கேனைப் பக்கத்தில் தள்ளினேன். அங்கே ஆள் இல்லை. எழுந்து போய் வாளியை எடுத்தேன். ஊற்றினேன். எல்லாக் கேனுக்கும் ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன்.

மூன்றாம் நாள் அவன் வந்தான். முகம் வற்றியிருந்தது. என்னிடம் பேசாமல் நேராகப் பலகைக்குப் போய் நின்றான். நான் பிரஷ்ஷை நிறுத்தவில்லை.

"புள்ளி வந்திருக்குதே" என்றான்.

"வந்திருக்குது."

"மூணா?"

"மூணு."

கடைசித் தண்ணீரோடு வருகிற புள்ளி அது என்று அவனுக்குத் தெரியும். பிறகு வந்து, கடைசித் தண்ணீர் வாளியைக் காலால் என் பக்கம் நகர்த்திவிட்டு, மூடிகளைக் கழற்றப் போனான்.